ஏற்றுமதி

கட்டபெட்டில் நான்கு மணிக்கே விளக்குப் போட்டாகிவிட்டது.
கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம்
எடைமேடையை, லாரியை, அதற்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக்கை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது,
யாரோ டெலீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல்.

உள்ளே நான், ஒரு ஹீட்டர், பச்சைத் தேயிலைக் கணக்கு.
ஐந்து மணிக்குள் வங்கிக்குப் போகவேண்டிய பட்டியல்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்த ஜூலை மாதத்து இலை.
ரிப்போர்ட் சமர்த்தாகத் திறந்தது.
எக்செலுக்கு மாற்று என்றிருந்த பொத்தானை அழுத்தினேன்.
ஏற்றுமதி தோல்வி என்றது.

எங்கள் டஸ்ட் தூள் கொச்சியில் கப்பலேறி
பெயர் வாயில் நுழையாத ஊருக்கெல்லாம் போகிறது.
இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு
ஒரு பட்டியல் போகாதா?

கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறதாம்.
மாடியேறிப் பார்த்தால்
அதைத் திறந்தபடி விட்டுவிட்டு
போஜராஜன் சார் வாட்டும் தொட்டிப் பக்கம் போயிருந்தார்.
மூடினேன். சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம்.

இரண்டாம் முறை போனது.
போய்ச் சேர்ந்த பெயர்களைப் பார்த்தால்
லிங்கம்மா, தவமணி, சந்தனமேரி
எல்லாரும் தொப்பி வைத்த லத்தீன் எழுத்துகளாய்
எந்த தேசமென்று தெரியாமல் வரிசையில் நின்றார்கள்.
மூலையில் ஒரு பட்டியலைத் தேடிப் பிடித்து
யூடிஎஃப்-8 என்று சொல்லிக்கொடுத்தேன்.
தமிழுக்குத் திரும்பினார்கள்.

அடுத்தது கணக்கு எண்கள்.
பதினாறு இலக்கம் எதற்கு என்று தானே முடிவுகட்டி
ஒரு புள்ளி, ஒரு ஈ, ஒரு கூட்டல் குறி எனச்
சுருட்டி வைத்திருந்தது.
விரித்தால் கடைசி இலக்கம் அத்தனை பேருக்கும் சுழியம்.
அந்தக் கடைசியில்தான் ஆள் இருக்கிறார்.
ஹாலனுக்கும் ஹாலன் தம்பிக்கும்
வங்கியில் அது ஒன்றுதான் வித்தியாசம்.
கட்டங்களை எழுத்தாக மாற்றிவிட்டு மறுபடி இறக்கினேன்.
எண்ணை எழுத்து என்று சொன்னால்தான் எண் பிழைக்கிறது.

நான்கு இருபத்தைந்து.
அப்போதுதான் மொத்தத்தைப் பார்த்தேன்.
ஆறு லட்சத்துச் சொச்சம் கிலோ கூடுதல்.
இந்தச் சரிவு முழுக்க மொட்டையடித்தாலும் வராத இலை.

நூற்று எண்பத்தேழாம் வரி. மேல்ஹட்டி மாதி.
எடைக் கட்டத்தில் 643214.
ஊர் பின்கோடையே பறித்துப் போட்டிருக்கிறாள்.
வரி மொத்தமும் ஒரு கட்டம் வலதுபக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது,
கோத்தகிரி பஸ்ஸில் மூவர் சீட்டில்
நாலாவதாக ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததுபோல்.

யார் அந்த நாலாவது?

குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு காற்புள்ளி.
'ஈர இலை, நாலு கிலோ கழிவு.'
காற்புள்ளியைக் கண்டால் வெட்டு,
வெட்டினால் புதுக் கட்டம்.
சிஎஸ்விக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

அடித்தவள் நான்.
மற்ற ஈரங்களுக்கெல்லாம் கழிவு 2, கழிவு 3 என்று
ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.
மாதி அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில்
சாக்கு விளிம்பைப் பிழிந்தபடி,
'மழை பெஞ்சதுக்கும் எங்கிட்டயா பிடிக்கிறீங்க?' என்றாள்.
சண்டைக்கு இல்லை. சும்மா கேட்டாள்.
விரல் ஒரு நொடி நின்றிருக்கிறது.
நின்ற இடத்தில் அது விழுந்திருக்கிறது.

எடுத்தேன்.
ஈர இலை நாலு கிலோ கழிவு.
வரி இடதுபக்கம் நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
ஆறு லட்சமும் போய்
மாதி நூற்றுப் பதினெட்டுக் கிலோவுக்கு இறங்கினாள்.
நூற்று இருபத்திரண்டு என்று
எந்தக் கட்டத்திலும் இல்லை.

நான்கு ஐம்பத்தொன்று. ஏற்றுமதி முடிந்தது.
வங்கிக்கு அனுப்பிவிட்டு ஹீட்டரைக் காலுக்கு இழுத்துக்கொண்டேன்.
கண்ணாடியில் இப்போது நான் மட்டும் தெரிகிறேன்.

மாடியிலிருந்து போஜராஜன் சார் குரல்:
'இங்க திறந்து வெச்சிருந்த ஷீட்டை
யாரும்மா மூடினது?'